மண்மேட்டில் ஒரு தாய்

கங்கைகொண்டான் என்னும் ஊர்ப்பெயர், கங்கைவரை படை நடத்திய முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றியை இன்றும் நினைவூட்டுகிறது. அங்கிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சென்றால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. ஓர் ஊர் வெற்றியைத் தன் பெயராய்த் தாங்க, அடுத்த ஊர் தோல்வியைத் தன் துயராய்த் தாங்குகிறது. தோற்றவரின் கோட்டையைக் காணக் கிழக்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்ல வேண்டும்.

அங்கே நம்மை வரவேற்பது, தமிழக அரசு 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மனின் வரலாறு அதன் சுவர்களில் ஓவியமாய் விரிகிறது. பழைய கோட்டையோ அருகில் மண்மேடாகக் கிடக்கிறது. அப்போர்களில் மடிந்த ஆங்கிலப் படையினரின் கல்லறைகளும் அவ்வட்டாரத்திலேயே உள்ளன.

அம்மண்மேடு ஒருமுறை உயிர்த்தெழுந்த மேடு. கட்டபொம்மன் மறைந்தபின் கோட்டை தகர்க்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர்தம் தம்பி ஊமைத்துரை ஊர் திரும்பினார். சில நாள்களுக்குள் மக்கள் மண்ணைக் குழைத்து மதிலை மீண்டும் எழுப்பினர். படையோடு வந்த மேஜர் மெக்காலே, வெறுந்தரையை எதிர்பார்த்த இடத்தில் கோட்டையைக் கண்டு திகைத்தார். எருசலேமின் இடிந்த மதிலை நெகேமியாவின் தலைமையில் மக்கள் 52 நாள்களில் கட்டி முடித்ததை விவிலியத்தில் படிக்கிறோம். அவ்வாறே இங்கும் கட்டியவர்கள், அந்த மதிலுக்குள் வாழ வேண்டியவர்களே.

1801 மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. அப்போரில் ஈடுபட்ட ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். குவிந்து கிடந்த உடல்களுக்கிடையே தன் மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். குற்றுயிராய்க் கிடந்த மகனோ, தன்னை விட்டுவிட்டு, அருகே காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு வேண்டினான். அவள் அவ்வாறே செய்தாள். தேடி வந்தவர்களிடம், போர்த்திய துணிக்கடியில் இருப்பவர் அம்மை நோயால் இறந்தவர் என்று கூறப்பட்டது. அவர்கள் அஞ்சி விலகினர்.

அவ்வாண்டு நவம்பர் 16 அன்று ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். அவ்வாறாயின் அத்தாயின் தியாகம் வீணா? பயனைக் கொண்டு அன்பை அளப்போர்க்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் சிலுவையடியில் நின்ற அன்னையும் பயனை எண்ணி நிற்கவில்லை. தன் மகனின் உயிரைவிட அவனது சொல்லைப் பெரிதாக மதித்தாள் இந்தத் தாய். பகைவரின் படையில் நின்ற ஒருவரே அதனை எழுதி வைத்தார் என்பதும் எண்ணத்தக்கது.

அரசர்க்குச் சிலை உண்டு. மடிந்த அந்நியர்க்கும் கல்லறை உண்டு. அத்தாயையோ பலர் அறியார். நினைவுக் கோட்டையைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், சுவரோவியங்களோடு திரும்பிவிட வேண்டாம். அந்த மண்மேட்டருகே சற்று நின்று, அவள் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக.