கடவுச்சொல் சேமிப்பு

கடவுச்சொல் சேமிப்பு என்பது, பயனர் தரும் கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளாமல், பின்னர் சரிபார்க்க மட்டும் உதவும் வடிவில் சர்வரில் பதிந்து வைக்கும் முறை. வலைச் சேவை எழுதக் கற்பவர்கள் தொடக்கத்திலேயே கட்டுவது பெரும்பாலும் லாகின் பக்கம்தான். பாதுகாப்பைக் கூட்டினால் சர்வரின் சுமையும் கூடும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் கடவுச்சொற்கள் ஒரு கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தன. ஒருமுறை அந்தக் கோப்பும் அன்றைய அறிவிப்புக் கோப்பும் இடம்மாறிப்போக, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதில் எல்லோருடைய கடவுச்சொற்களும் வந்து விழுந்தன.

இதற்கான அடிப்படைத் தீர்வை பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் விளக்கி எழுதினர். யூனிக்ஸ் இயக்குதளத்தில் கடவுச்சொல்லுக்குப் பதில், அதிலிருந்து கணக்கிடப்பட்டாலும் அதைத் திரும்பப் பெற உதவாத ‘ஹாஷ்’ என்னும் மதிப்பு மட்டும் பதிவானது. அதைக் கணக்கிட டெஸ் குறியாக்கத்தை 25 முறை ஓட்டி வேண்டுமென்றே நேரமெடுக்க வைத்தார்கள். ஒவ்வொரு பயனருக்கும் 12 பிட் அளவில் ‘சால்ட்’ என்னும் தற்செயல் எண்ணையும் சேர்த்தார்கள். இதனால் ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் ஹாஷ் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் 2009இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளிப்படையான எழுத்தாகவே கசிந்தன. 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து கசிந்த சுமார் 65 லட்சம் ஹாஷ்களில் சால்ட் இல்லை, பயன்பட்டது எஸ்.எச்.ஏ.-1 என்னும் ஹாஷ் முறை. கோப்புகளைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளுக்காக வேகமாக ஓடும்படி அமைந்தது அது. அந்த வேகம்தான், கசிந்த ஹாஷை வைத்துக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவருக்கு வசதி: ஒரு கிராபிக்ஸ் கார்டு விநாடிக்குப் பல கோடி ஊகங்களைச் சோதித்துவிடும். கடவுச்சொல் விஷயத்தில் வேகமான ஹாஷைத் தேர்ந்தெடுப்பது பிழை, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாசியேரும் 1999இல் வெளியிட்ட பிகிரிப்ட் என்னும் ஹாஷ் முறை, வேகத்தைக் குறைக்கும் பிடியை நிரலாளர் கையிலேயே கொடுத்தது. அதன் பதிவு 60 எழுத்து நீளம். முதல் 7 எழுத்துகளில் பதிப்பும், அந்தப் பிடியான செலவு எண்ணும் இருக்கும்; அடுத்த 22 எழுத்துகள் சால்ட், கடைசி 31 எழுத்துகள் ஹாஷ். செலவு எண்ணை 12இலிருந்து 13 ஆக்கினால் வேலை இரட்டிப்பாகும். 2015இல் கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2 நேரத்தோடு நினைவகத்தையும் கேட்கிறது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஊகங்களை ஓட்ட நினைப்பவருக்கு அதுதான் பெரிய தடை.

அந்தச் சுமையை நம் சர்வரும் சுமக்க வேண்டும். ஒரு சரிபார்ப்புக்குக் கால் விநாடி ஆனால், ஒரு ப்ராசஸர் கோர் விநாடிக்கு நான்கு லாகின்களைத்தான் பார்க்க முடியும். ஆர்கான்2வுக்கு 19 எம்.பி. ஒதுக்கியிருக்கையில் நூறு பேர் ஒரே கணத்தில் வந்தால் 1,900 எம்.பி. போய்விடும். ஆகவே இந்தக் கணக்கீடு லாகினின்போது மட்டும் நடக்கும். அதன்பின் ஊகிக்க முடியாத நீண்ட டோக்கன் ஒன்று பயனருக்குத் தரப்படும். அடுத்தடுத்த கோரிக்கைகளில் அதைச் சரிபார்க்கச் செலவே இல்லை எனலாம். ஒரு கணக்குக்கும் ஒரு ஐ.பி. முகவரிக்கும் இத்தனை முயற்சிதான் என்ற வரம்பு, ஊகத்தையும் தடுக்கும், சர்வர் திணறுவதையும் தடுக்கும்.

நீளத்துக்கும் உச்சவரம்பு தேவை என்பதை ஜாங்கோ என்னும் வலைக் கட்டமைப்பை உருவாக்குவோர் 2013இல் கண்டனர். 1 எம்.பி. நீளமுள்ள கடவுச்சொல் ஒன்றை அனுப்பினால் சரிபார்க்க ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடித்தது. இப்படிச் சில கோரிக்கைகள் வந்தாலே தளம் முடங்கும். 4,096 பைட்டுக்கு மேல் ஏற்காதபடி திருத்தம் வெளியிடப்பட்டது. பிகிரிப்ட்டிலோ வழக்கமாக முதல் 72 பைட்டுகளுக்கு மேல் கணக்கில் வராது.

கணினிகள் வேகமாக ஆக, செலவு எண்ணை உயர்த்த வேண்டியிருக்கும். மூலக் கடவுச்சொல் சர்வரிடம் இல்லாததால் எல்லாப் பதிவுகளையும் ஒரே இரவில் மாற்ற வழியில்லை. பயனர் அடுத்த முறை லாகின் செய்யும்போது, சரிபார்த்த கையோடு புதிய அளவில் மீண்டும் ஹாஷ் செய்து எழுதிவிடுவார்கள். நெடுநாள் வராதவர்களின் பதிவு பழைய வேகமான ஹாஷாக இருந்தால், அந்த ஹாஷையே பிகிரிப்ட் அல்லது ஆர்கான்2வுக்குள் செலுத்தி, வரும் விடையைச் சேமிப்பதும் உண்டு.