காலி டேங்கும் பத்துப் பேர் கணக்கும்

பட்டறையில் ஆளைக் கொல்வது பெட்ரோல் நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்குதான். எரிவது திரவமல்ல, அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் வெடிக்கும். நிரம்பிய டேங்கில் காற்று நுழைய இடமில்லை. வடித்த டேங்கிலோ, தகட்டு மடிப்பிலும் துருவிலும் தங்கிய சொட்டுகள் ஆவியாகி, உள்ளே புகுந்த காற்றோடு கலந்து வெடிக்கும் அளவுக்கு வந்துவிடக்கூடும். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. பிரிட்டனின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட 1948ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், தன் 37ஆம் பிரிவில், தீப்பற்றும் பொருள் இருக்கிற கலத்தோடு முன்பு இருந்த கலத்தையும் சேர்த்தே பேசியது. பொருளையும் அதன் ஆவியையும் நீக்காமல், அல்லது எரியாதபடி செய்யாமல், அதில் வெல்டிங்கோ ஈயப்பற்றோ வெட்டு வேலையோ கூடாது; உலோகம் ஆறும்வரை திரும்ப ஊற்றவும் கூடாது. 'இருந்த' என்ற அந்த ஒரு சொல்லில் இந்த வேலையின் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆனால் அதே சட்டம், மின்விசை இருந்தால் பத்துப் பேர், இல்லையென்றால் இருபது பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. சாலையோரப் பட்டறையில் இருப்பது ஒரு டிங்கர், ஒரு கேஸ் வெல்டர், ஒரு எடுபிடிப் பையன். டேங்கைக் கழற்றி ஒட்டுவது பெரும்பாலும் அங்கேதான். 2020ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை இருபது, நாற்பது என்று இன்னும் உயர்த்தியது. ஆகவே வெடித்த டேங்குக்கு வெல்டரின் கவனக்குறைவைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுதிய விதியே அவர் வாசலுக்கு வரவில்லை.

பழகிய கைகள் தண்ணீர் ஊற்றித்தானே ஒட்டுகின்றன, விதி எதற்கு என்று கேட்கலாம். ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மேல் வாயைத் திறந்து வைத்தால் ஆவிக்கான இடம் மிகவும் குறுகும். அது நல்ல அறிவு, சட்டம் கேட்டதற்கு நெருக்கமானதும்கூட. ஆனால் எஞ்சிய அந்தச் சிறு வெளியில் ஆவி இல்லை என்று அது உறுதி சொல்லாது. ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டு ஒட்டுவதோ வேறு கதை. மடிப்புக்குள் இருப்பது அலசலில் போகாது. டீசல் டேங்குதானே என்ற துணிச்சலும் அப்படித்தான். சாதாரண வெப்பத்தில் டீசல் குறைவாகவே ஆவியாகும். ஆனால் 3,000 டிகிரி கேஸ் சுடர் தகட்டைச் சுடும்போது, உள்ளே ஒட்டிய படலம் நொடியில் ஆவியாகிவிடும். சிறு பட்டறைகள் விதியைத் தாங்காமல் மூடிவிடும் என்ற அச்சத்துக்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விடை இருந்தது. ஆள் எண்ணிக்கை எவ்வளவு குறைவாயினும், எந்தப் பிரிவையும் ஓர் இடத்துக்கு விரிக்க 85ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. முழுச் சட்டத்தையும் சுமத்தத் தேவையில்லை; 37ஆம் பிரிவை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கலாம்.