குருதியும் துணியும்

2006 ஜூலை 11 செவ்வாய்க்கிழமை. மும்பை வாழ் தமிழர் எவரும் மறக்க முடியாத நாள். மாலை ஆறரை மணியை ஒட்டிப் பதினொரு நிமிடங்களுக்குள் மேற்கு ரயில் பாதையின் மின் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. நம் தாராவிக்கு அருகிலுள்ள மாதுங்கா ரோடு, மாகிம் பக்கமும் வெடித்தன. 180 பேருக்கு மேல் மாண்டார்கள். தண்டவாள ஓரத்துக் குடிசைவாசிகள் ஆம்புலன்சுக்குக் காத்திராமல் வீட்டுப் படுக்கை விரிப்புகளோடு ஓடி, அடிபட்டவர்களை அவற்றில் கிடத்தித் தூக்கிச் சென்றார்கள்.

துணி வியாபாரியான எனக்கு அந்த விரிப்புகள் மனதை விட்டுப் போகவில்லை. துணி உயிர் காத்த கதையை நம் நூல்களில் தேடினேன். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், வீரரின் புண்ணைத் தைக்கும் ஊசிக்கு, நீரில் பாய்ந்து மீனோடு எழும் சிச்சிலிப் பறவையைப் பரணர் உவமை சொல்கிறார். உடம்பெல்லாம் புண்பட்டவர்களுக்குப் பதுமுகன் நெய்யில் தோய்த்த துணியை வைத்த செய்தியைச் சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் பாடுகிறார். குருதியை நிறுத்தும் வழிகள் நான்கு என்று சுசுருத சம்ஹிதை வகுக்கிறது. 1674ல் பிரான்சில் மோரெல் என்ற போர்க்கள மருத்துவர், கட்டிய துணிக்குள் குச்சியை நுழைத்து முறுக்கிக் குருதியை நிறுத்தினார்.

இவ்வளவும் படித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? செம்பூரில் என் கடைப் பையனுக்குக் கண்ணாடி கிழித்து முன்கையில் ரத்தம் கொட்டியபோது, பதறிப்போய்க் காபித்தூளை அள்ளி அப்பினேன். பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஓடிவந்து, "அய்யா, தூளெல்லாம் வேணாம். துணியைக் குடுங்க, விடாம அமுக்கணும்" என்றார். பையன் பிழைத்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்று புரிந்தது.

வளர்ந்தவர் உடம்பில் ரத்தம் சுமார் ஐந்து லிட்டர்தான். பெரிய நாளம் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். எனவே 108க்கு ஒருவர் பேசட்டும். மற்றவர் சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் வைத்து இரு கைகளாலும் அழுத்தட்டும். நின்றதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் மேலேயே இன்னொன்று வைத்து அழுத்த வேண்டும். குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. அதன் இருபுறமும் அழுத்த வேண்டும். கை காலில் அப்படியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, மூட்டின் மீது படாமல், அகலத் துணியைக் கட்டிக் குச்சியால் நிற்கும் வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து, மருத்துவர் வரும் வரை அவிழ்க்காமல் இருக்க வேண்டும்.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலை விபத்தில் உதவுகிறவர்களுக்கு 2016ல் உச்ச நீதிமன்றமும் 2019ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் பாதுகாப்பு அளித்துள்ளன.

சமணம் போற்றும் நால்வகைத் தானங்களில் மருந்தும் அபயமும் உண்டு. அந்த இரண்டையும் ஒரு முழத் துணியால் செய்யலாம். இந்த மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் இன்றே ஒரு முறை கட்டிப் பழகிப் பாருங்கள்.