தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகம்

தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டத்தில் காரைக்காலுக்கு வடக்கே வங்கக் கடலோரம் அமைந்துள்ள ஒரு சிறிய பேரூராட்சி ஆகும். இங்குள்ள டான்ஸ்போர்க் கோட்டை இன்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. மீனவர் வாழும் இச்சிற்றூர் ஒரு காலத்தில் ஐரோப்பிய வணிகத்தோடு கொண்டிருந்த தொடர்பை இங்கு அறியலாம்.

வரலாறு

1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் டேனியருடன் வணிக உடன்படிக்கை செய்து, கோட்டை கட்ட இடமளித்தார். மிளகு வணிகமே டேனியரின் முதன்மை நோக்கம். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கு அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு டேனியர் ஆங்கிலேயருக்கு விற்றனர். பின்னர் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் வணிகம் அங்கே சென்றுவிட்டது. பெரிய வளர்ச்சி இல்லாமற் போனதாலேயே பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பின எனலாம்.

அருங்காட்சியகம்

கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையலறை, சிறை ஆகியன இருந்தன. மேல்தளத்தில் ஆளுநர் தங்கினார். நெடுங்காலம் பயணியர் விடுதியாக இருந்த கட்டடத்தை 1978இல் தொல்லியல் துறை ஏற்றது. டேனிய ஆவணங்கள், சீனத் தேநீர்ச் சாடிகள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள், சுதைச் சிற்பங்கள், திமிங்கில எலும்பு ஆகியவை காட்சியில் உள்ளன. ஆனால், இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய மடல் இங்கில்லை. அது கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பார்க்கும் முறை

1792இல் கட்டப்பட்ட நகர வாயிலில் தொடங்கி, ராஜ வீதி வழியாக 1718ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் தேவாலயத்தைக் கண்டு, கோட்டை முன்னுள்ள திடலை அடைவது நன்று. கோட்டைக்கு வடக்கே, கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது இது. இவ்வூர் 'சடங்கன்பாடி' என வழங்கியதை இக்கோயில் கல்வெட்டு கூறுகிறது. அதாவது, டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் இருந்தது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியைக் காக்கக் கரையில் பாறைக் கற்கள் கொட்டப்பட்டுள்ளன. வரலாறு பயிலும் மாணவர் கோட்டையோடு திரும்பிவிடாமல் இக்கோயிலையும் காண வேண்டும். ஊரின் மிகப் பழைய சான்றே அலைகளுக்கு மிக அருகில் நிற்கிறது.