திடீர்னு குடியை நிறுத்தினால் கை நடுங்குவது ஏன்? சிகிச்சை என்ன?

2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியபோது, டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று கேரள அரசு உத்தரவு போட்டது. டாக்டர்களே எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காரணம், இதற்குத் தனியாக மருந்து இருக்கிறது.

பல வருஷமா தினமும் குடிப்பவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டக் கூடுதல் வேகத்தில் ஓடப் பழகியிருக்கும். மது நின்றதும் பிரேக் போய், வேகம் மட்டும் மிஞ்சும். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். சிலருக்கு முதல் 2 நாளில் வலிப்பு. 3-வது நாள் வாக்கில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, காய்ச்சல் என்றால் உயிருக்கே ஆபத்து. பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிக்கப் போகாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

மருத்துவமனையில் டயசெபம், குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்துகளை முதலில் கூடுதலாகக் கொடுத்து, ஒரு வாரம் போல படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபம். இந்த மாத்திரைகளுக்கும் அடிமையாகலாம், அதனால் கடையில் நீங்களே வாங்காதீங்க. கூடவே தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசி. இது குறைந்தால் மறதி நிரந்தரமாகிவிடலாம். குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் போதும் என்பது தப்பு.

நடுக்கம் நின்றால் குடிநோய் போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. மறுபடி குடிக்காமலிருக்க நால்ட்ரெக்சோன், டைசல்பிராம் மாத்திரைகள் உண்டு. டைசல்பிராமைச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கும் வீடுகள் இருக்கின்றன. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் சொன்னால் மட்டுமே கொடுக்கணும். ஆலோசனைக்கு டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம்.