புற ஊதா ஒளியும் வீட்டுக் கறைகளும்

பகலொளியில் புலப்படாத சில கறைகள், இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் ஒளிர்வதற்கு உடனொளிர்தல் காரணமாகும். ஒரு மூலக்கூறு புற ஊதா ஒளியை ஏற்று, அதன் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்து, எஞ்சியதைக் கண்ணுக்குத் தெரியும் நீண்ட அலைநீள ஒளியாக உடனே வெளிவிடுவது உடனொளிர்தல் எனப்படும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது இதனின்று வேறானது. அது நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிரி தன் உடலின் வேதிவினையால் தானே உண்டாக்கும் உயிரொளிர்தலாகும்.

வரலாறு: புற ஊதாக் கதிரை 1801இல் ஜெர்மானிய அறிஞர் யோகான் ரிட்டர் கண்டறிந்தார், உடனொளிர்தலின் இயல்பை 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் விளக்கினார். பிற்காலத்தில் அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட், பார்வை ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை விடும் கண்ணாடியை உருவாக்கினார். அவர் பெயர் பெற்ற விளக்கு தோல் மருத்துவத்தில் இன்றும் பயன்படுகிறது.

கறைகளின் தோற்றம்: உலர்ந்த சிறுநீர் வெளிர்மஞ்சளாகவோ பசுமை கலந்தோ ஒளிரும். மஞ்சள்தூளிலுள்ள குர்க்குமின் பளிச்சென்ற மஞ்சட்பச்சையாக ஒளிர்வதால், குழம்பு சிந்திய இடம் துடைத்த பின்னும் தெரியக்கூடும். இரத்தம் ஒளிர்வதில்லை, ஒளியை உறிஞ்சிக் கருந்திட்டாகவே தோன்றும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரக் கடலோரப் பகுதிகளில்: கடற்காற்றின் ஈரப்பதம் மிகுந்த இப்பகுதிகளில் புற ஊதா விளக்கின் பயன் கூடுகிறது. பூனை, நாய், எலி ஆகியவற்றின் சிறுநீரிலுள்ள எளிதில் கரையாத உப்புகள் சிமெண்டுத் தரையின் நுண்துளைகளிலும் டைல்ஸ் இடுக்குகளிலும் தங்கி, காற்றில் ஈரம் ஏறும்போது மீண்டும் நாற்றத்தை எழுப்புவதால், கறை மறைந்தும் நாற்றம் நீங்காத இடத்தைத் தேட இது உதவுகிறது. சுவரோரத்தில் பதுங்கும் தேளும் நீலப்பச்சையாக ஒளிரும். எனினும் அண்மையில் தோலுரித்த தேள், புதுத்தோல் கடினமாகும் வரை ஒளிராது.

வரம்புகள்: வெள்ளை வேட்டி, துண்டு போன்றவை சலவைத்தூளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகளால் நீலமாக ஒளிர்ந்து, கறையை மறைத்துவிடும், காகிதமும் பிளாஸ்டிக்கும் இவ்வாறே ஏமாற்றும். ஆகவே ஒளிர்வு என்பது ஐயத்துக்குரிய இடத்தைச் சுட்டுமேயன்றி, அங்குள்ள பொருளை உறுதிப்படுத்தாது. ஒளிராமை தூய்மைக்குச் சான்றாகாது.

பயன்படுத்தும் முறை: கடைகளில் கிடைக்கும் விளக்குகளில் 395 நானோமீட்டர் அலைநீள வகை ஊதா ஒளியையும் சேர்த்து வீசுவதால் மங்கிய கறைகள் அதில் தெளிவதில்லை, 365 நானோமீட்டர் வகையே ஏற்றது. இரவில் விளக்குகளை அணைத்து, கண் இருளுக்குப் பழகிய பின் தரையைச் சாய்வாகப் பார்த்து, ஒளிரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு கழுவி உலர்த்தி மீண்டும் பார்ப்பது வழக்கம். விளக்கை நேராகக் கண்ணில் படவிடக் கூடாது. கிருமிநீக்கத்துக்கான 254 நானோமீட்டர் விளக்கு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் என்பதால் கறை தேட அதை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.