பனியில் தளிர்க்கும் சேம்பினம்

சேம்பின் இலை யானையின் செவிபோல் அசைவதைக் கிள்ளிமங்கலங்கிழார் பாடிய குறுந்தொகைப் பாடலை வகுப்பில் நடத்தும்போது, உவமையின் அழகில் தோய்ந்து, அதன் பருவத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அவ்விலையை அசைப்பது வாடைக்காற்று. காலமோ தலைவி நடுங்கும் பனிக்காலம். குளிரையும் சேம்பினத்தையும் சேர்த்து எண்ணத் தொடங்கிய நமக்கு, பனி உறையும் நாடுகளில் இவ்வினத்தின் கதை என்னவாயிற்று என்று அறியும் ஆவல் எழுந்தது.

சேம்பு, சேனை, கருணை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே ஐரோப்பாவின் ‘ஆரம்’. (நம் இலக்கியத்தில் சந்தனத்தையும் மாலையையும் குறிக்கும் ஆரத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா, இது கிரேக்கச் சொல்வழி வந்த பெயர்.) கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் டயாஸ்கரிடீஸ் இதனைத் தம் நூலில் குறித்துள்ளார். லின்னேயஸ் 1753இல் வகைப்படுத்திய பேரினங்களுள் இதுவும் ஒன்று.

மத்தியதரைக்கடல் நாடுகளில் கோடை வறண்டது. மழை பெய்வது குளிர்காலத்தில். ஆகவே அங்குள்ள இத்தாலிய ஆரம் நம் கணக்குக்கு நேர்மாறாக வாழ்கிறது. இலையுதிர் காலத்தில் மற்ற மரஞ்செடிகள் மொட்டையாகும்போது இது வெண்ணரம்போடிய பச்சை இலைகளை விரிக்கிறது. கடுங்குளிர் இரவில் அவ்விலைகள் தரையோடு துவண்டு கிடக்கும். செத்தது என்றே எண்ணத் தோன்றும். வெயில் ஏறி உறைபனி உருகியதும் மீண்டும் நிமிரும். கோடையில் இலை மறைந்து, செம்மஞ்சள் கனிக்கொத்து மட்டும் தண்டில் நிற்கும். வெறுமையான குளிர்காலத் தோட்டத்தில் பச்சை வேண்டும் என்று ஏங்கிய ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இதனை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் இங்கிலாந்தின் வேலியோரங்களில் இயல்பாக வளரும் புள்ளி ஆரம் அழகுக்காக மட்டும் தோண்டப்படவில்லை. எலிசபெத் அரசியின் காலத்தில் செல்வர்கள் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பான பெரிய வெள்ளைச் சுருக்கணி அணிந்தனர். அது விறைத்து நிற்கக் கஞ்சி போட்டாக வேண்டும். ஃபிளாண்டர்சிலிருந்து வந்த பெண்ணொருத்தி 1564இல் லண்டனில் கஞ்சி போடும் கலையைக் கட்டணம் பெற்றுக் கற்பித்தாள். மிக வெண்மையான கஞ்சி மாவு ஆரத்தின் கிழங்கிலிருந்து கிடைத்தது. 1597இல் வெளியான ஜான் ஜெரார்டின் மூலிகை நூல் அம்மாவைப் புகழும் இடத்திலேயே, அதைக் கையாளும் சலவைப் பெண்களின் கைகள் வெடித்துக் கொப்புளித்து எரிவதையும் சொல்கிறது.

கருணைக்கிழங்கு நறுக்கிய கை எவருக்கும் இதன் காரணம் புரியும். ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களே இரண்டிலும் உறுத்துவன. நம் வீடுகளில் புளி கைகொடுக்கிறது; அந்தப் பெண்களுக்குக் கைகொடுத்தது எது? ஓவியங்களில் சுருக்கணி அணிந்த பிரபுக்களின் முகங்கள் எத்தனையோ பார்க்கிறோம். அவற்றை வெளுத்த கைகளுக்கு ஜெரார்டின் அந்தச் சில வரிகளே சான்றாக வாய்த்திருக்கின்றன. அதனாலேயே அவ்வரிகளை நாம் பெரிதாக மதிக்கிறோம். சுருக்கணி வழக்கொழிந்த பின்னும் டார்செட் கரையிலுள்ள போர்ட்லாந்து தீவினர் கிழங்கை இடித்து, பலமுறை நீரில் அலசிக் காறல் நீக்கி, ‘போர்ட்லாந்து சேகோ’ என்று உணவு மாவாக விற்றனர்.

தொட்டியில் வளர்ப்போர் சந்தித்த இடர் வேறு. தரையில் உறைபனி மேலிருந்து மட்டுமே இறங்கும். ஆழத்தில் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். சுருங்கும் வேர்களால் அது தன்னைத்தானே இன்னும் கீழே இழுத்துக்கொள்ளவும் வல்லது. தொட்டியிலோ குளிர் எல்லாப் பக்கமும் நுழைகிறது. எனவே மண்தொட்டிகளை விளிம்புவரை மணற்படுகையில் புதைத்து, வெப்பமூட்டாத கண்ணாடி வீட்டில் வைத்தனர். இங்கிலாந்தில் கண்ணாடி வரி 1845இல் நீக்கப்பட்டபின் அத்தகைய வீடுகள் நடுத்தர மக்களுக்கும் எட்டின. கிரீட் தீவின் மஞ்சள் ஆரம் போன்றவற்றுக்கு அக்கூரை இருவகையில் உதவியது: குளிர்காலத்தில் காவல், கோடையில் உறங்கும் கிழங்கு அழுகாமல் மழையைத் தடுத்தல்.

1960இல் செசில் பிரைம் என்பவர் புள்ளி ஆரம் ஒன்றைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். ஒரு வேலிச்செடிக்கு ஒரு முழு நூல்! நம் சேம்புக்கு அப்படியொருவர் வாய்க்க வேண்டும்.

தோட்டத்துக்கென அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்ட இத்தாலிய ஆரம் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் வேலி தாண்டிக் காட்டுக்குள் பரவிவிட்டது. பிடுங்கினால் கிழங்குத் துண்டுகள் மண்ணில் தங்கி மீண்டும் முளைக்கின்றன. அதனை அகற்றச் செல்வோர் கையுறை அணிந்தே தோண்டுகின்றனர்.